டைம்கீப்பர் அக்கா கொடுத்த பெட்டி

எங்கள் அலுவலகம் தொடங்கிப் பத்து வருஷம் ஆகிறது. அதற்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறார்கள். டைம்கீப்பர் அக்காவைப் பற்றி ஒரு பக்கம் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் வேன் ஓட்டுகிறவன். பேனா பிடித்தால் பெட்ரோல் சீட்டில் கையெழுத்துப் போடுவதோடு சரி. "எட்டு வருஷமா அவங்ககூடச் சுத்துறவன் நீதானேப்பா, உன்னை விட்டா யார் எழுதுவா?" என்றார் மேலாளர். எழுதுகிறேன். ஆனால் ஒரு பக்கத்துக்குள் அடக்கு என்று யாராவது வந்து நின்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும், இப்போதே சொல்லிவிட்டேன்.

முதலில் எங்கள் வேலை என்ன என்று சொல்ல வேண்டும். பெற்றவர்களோடு இருக்க முடியாமல் போன பிள்ளைகளைச் சிலர் தங்கள் வீட்டில் வைத்து வளர்க்கிறார்கள். சில பிள்ளைகள் ஆறு மாதமோ ஒரு வருஷமோ இருந்துவிட்டுச் சொந்த வீட்டுக்கே திரும்பிப் போவார்கள். சிலரை வளர்த்தவர்களே தத்து எடுத்துக்கொள்வார்கள். பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதற்கு அரசாங்கத்தில் தனியாக ஆள் இருக்கிறார்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போனதும், கதவைச் சாத்திவிட்டு, அந்த வீட்டில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் திருதிருவென்று முழிப்பார்களே, அங்கேதான் எங்கள் வேலை தொடங்குகிறது. ஓர் அச்சகத்துக்கு மேலே மூன்று அறைகள் எங்களுக்கு. கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேஜையில் வைத்த டீ தளும்பும்.

அக்கா இங்கே வருவதற்கு முன் பஸ் டிப்போவில் பத்தொன்பது வருஷம் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுவதும், நின்று கதை பேசும் டிரைவர்களை விரட்டுவதும்தான் அந்த வேலை. குள்ளமான ஆள். குரல் மட்டும் இரண்டு ஆளுக்கு இருக்கும். கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டியிருப்பார். "அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேங்க்கா" என்று யாராவது சொல்லிவிட்டுப் போனால் ஆறாவது நிமிஷம் அவர் முகமே மாறிவிடும். என்னை அவர் திட்டியதை எல்லாம் எழுதினால் மலர் போதாது, புத்தகமாகத்தான் போட வேண்டும்.

அவர் இந்த வேலைக்கு வந்தது ஒரு கிழிந்த பையால். ஒரு நாள் டிப்போவில் ஓர் அதிகாரி இரண்டு சிறுமிகளைக் கூட்டிக்கொண்டு பஸ் மாறுவதற்கு நின்றிருந்தார். இருவரும் உடன்பிறந்தவர்கள். அவர்கள் துணிமணி எல்லாம் குப்பை போடுகிற கறுப்புப் பைகளில் இருந்தன. ஒரு பை பிய்ந்து துணி தரையெல்லாம் சிதறியது. சின்னவள் ஒரு பாவாடையைத் துரத்திக்கொண்டு நகரத் தொடங்கிய பஸ்ஸுக்குக் கீழே குனிந்துவிட்டாள். அக்கா விசிலை ஊதியபடி ஓடிப்போய், பஸ் முன்னால் கையை விரித்து நின்று, வண்டியை நிறுத்தினார். பிறகு தன் கைப்பையில் இருந்ததை எல்லாம் பெஞ்சில் கொட்டிவிட்டு, அந்தப் பையில் அவர்கள் துணியை மடித்து வைத்துக் கொடுத்தார்.

"குப்பைப் பையில ஏன் சார் பிள்ளைங்க துணியைப் போட்டு எடுத்துட்டு வர்றீங்க?" என்று கேட்டாராம். "அவசரத்துக்கு இதான் மேடம் கிடைச்சுது" என்றாராம் அந்த மனிதர். அந்த வாரமே அக்கா போய் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் இருக்கிறார். "நீ முடிவு பண்ணிட்டு வந்துதான் என்கிட்ட கேப்பே. சரி, எந்த அறையைக் காலி பண்ணணும், அதைச் சொல்லு" என்று அவர் சொன்னதை அக்கா இன்னும் பெருமையாகச் சொல்வார். ஒருவர் பின் ஒருவராக மூன்று பிள்ளைகளை வளர்த்தார்கள். இரண்டு பேர் அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள். மூன்றாவது பெண் அவர்களுக்கே மகளாகிவிட்டாள், இப்போது ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அதற்குள் எங்கள் அலுவலகம் அக்காவைக் கொத்திக்கொண்டு வந்துவிட்டது.

வந்த முதல் மாதமே அக்கா தன் டிப்போ புத்தியைக் காட்டினார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அட்டவணை போட்டார். பஸ்ஸுக்கு அல்ல, கஷ்டத்துக்கு. "விபத்தெல்லாம் எப்பவும் நடக்காது தம்பி. அதுக்குன்னு சில நேரம் இருக்கு. டிப்போல எனக்குத் தெரியும். வீட்லயும் அப்படித்தான்" என்பார். இஸ்திரிக் கடைக்காரர் வீட்டுக்கு வந்த ஏழு வயசுச் சிறுமிக்கு மாலை ஐந்து நாற்பது. அவளைப் பெற்றவள் முன்பெல்லாம் வேலை முடிந்து வீடு திரும்பிய நேரம் அது. அந்த நேரம் வந்தால் குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழும். ஐந்து முப்பதுக்கு அக்காவின் போன் அந்த வீட்டில் அடிக்கும். "இப்ப கைக்குட்டை எல்லாம் மடிக்கச் சொல்லி அவகிட்ட கொடுங்க. பக்கத்துல உக்காருங்க. ஒண்ணும் கேக்காதீங்க, போதும்." அவ்வளவுதான் பேச்சு, வைத்துவிடுவார். அடுத்த வீட்டுக்கு ஆறு பத்து.

எல்லாமே போனில் முடிந்துவிடாது. இரட்டைப் பிள்ளைகளைத் தத்து எடுத்த ஒரு வங்கிக் காவலாளியின் மனைவி ஒரு நாள், "என்னால முடியலக்கா, வந்து கூட்டிட்டுப் போயிடுங்க" என்று போனிலேயே கதறினார். போனோம். அக்கா நல்ல ஆலோசனை எல்லாம் சொல்வார் என்று நான் எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அக்கா உள்ளே போனார், முந்தானையைச் செருகினார், தொட்டி நிறையக் கிடந்த பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தார். "நீ போய்ப் படு, நான் பாத்துக்கறேன்" என்றார். மூன்று மணி நேரம் நான் வேனில் வெந்தேன். அந்த அம்மா தூங்கி எழுந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு, "சரிக்கா, நீங்க கிளம்புங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த இரட்டையர்கள் இப்போது எட்டாம் வகுப்பு.

இனி பெட்டிக்கு வருகிறேன். எங்கள் வீடுகளுக்கு வருகிற எந்தப் பிள்ளையும் குப்பைப் பையோடு நிற்கக் கூடாது என்பது அக்காவின் சட்டம். பிள்ளை வந்து சேரும் அன்றைக்கே சக்கரம் வைத்த நல்ல பெட்டி ஒன்று அதன் கையில் இருக்க வேண்டும். இதற்காக ஊரில் உள்ள பெட்டிக் கடைக்காரர்கள் அத்தனை பேரையும் கேட்டுக் கேட்டு நச்சரித்தார். அவர்கள் அக்காவைத் தூரத்தில் பார்த்தாலே பரண்மேல் ஏணி போட்டுவிடுவார்கள். எங்கள் அலுவலகத்தின் மூன்றாவது அறை முழுக்கப் பெட்டிதான். இதுவரை எழுபத்தி மூன்று பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கியது யார் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் பெட்டி கிடைக்கவில்லை. போன வருஷம் ஒரு மழைநாளில், இரண்டு மணி நேர அவகாசத்தில், ஒரு பெண்ணைக் கொண்டுவருவதாகத் தகவல் வந்தது. அன்றைக்கு என்று பார்த்துப் பெட்டி அறை காலி. பதினான்கு வயது, ஒல்லி, இரண்டு கையிலும் இரண்டு கறுப்புப் பை. அது அவளுக்கு ஏழாவது வீடு. அக்காவுக்கு அவமானம் தாங்கவில்லை. "உன் பெட்டி வந்துடும்மா, கொஞ்சம் பொறுத்துக்க" என்றார். "பரவாயில்லைங்க ஆன்ட்டி" என்றாள் அவள்.

அதற்கப்புறமும் அவள் வாயில் அதிகம் வந்தது அந்த ஒரு சொல்தான். அறையில் புழுக்கமா? பரவாயில்லை. செருப்பு கடிக்கிறதா? பரவாயில்லை. சாப்பாட்டில் உப்பே இல்லையே? பரவாயில்லை. நான் அவளுக்குப் 'பரவாயில்லை' என்றே பெயர் வைத்துவிட்டேன். கூப்பிட்டால் சிரிப்பாள், கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அவளை ஏற்றுக்கொண்டவர்கள் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும், மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவியும். அவர் நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அந்த மிச்சத்தை எல்லாம் சேர்த்து அந்த அம்மா பேசிவிடுவார். நல்ல மனுஷர்கள், வேறு பிள்ளை கிடையாது. அவள் வந்த மூன்றாம் நாளே இரண்டு பேரும் அவள்மேல் உயிரை வைத்துவிட்டார்கள். அதுதான் பிரச்சினை. "அக்கா, அவ இன்னும் ஒரு தடவைகூடக் கதவை ஓங்கிச் சாத்தலக்கா. காலைல எந்திரிச்சுப் போர்வையை மடிச்சு, குளிச்சு, விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கா. அவளுக்கு எங்களைப் பிடிச்சிருக்கா இல்லையான்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?" என்று அந்த அம்மா வாரம் இரண்டு தடவை போனில் புலம்புவார். தத்து எடுத்துக்கொள்ள நினைக்கிறோம், உனக்கு எப்படி என்று அவளிடம் கேட்டபோது, "உங்க இஷ்டம் ஆன்ட்டி" என்றாளாம். அந்த அம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

விண்ணப்பம் போட்டார்கள். பதினொரு மாதம் ஓடியது, அவளுக்குப் பதினைந்து வயது முடிந்தது, நீதிமன்றத்தில் நாள் குறித்தார்கள். அந்த வயதுப் பிள்ளையை நீதிபதி தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார். அவள் தன் வாயால் தெளிவாகச் சம்மதம் என்று சொன்னால்தான் கையெழுத்து. "உங்க இஷ்டம்" எல்லாம் அங்கே செல்லாது. விருப்பம் இல்லாத பிள்ளையை யார் தலையிலும் கட்ட மாட்டேன் என்று கோப்பை மூடிவிடுகிற நீதிபதி அவர். லிஃப்ட்காரர் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

அந்த நாளுக்கு முதல் நாள் மதியம், வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. பன்னிரண்டு புதுப் பெட்டிகள். அதுவரை வந்த ஒன்றிரண்டு பெட்டிகள் அன்றன்றைக்கு வந்த பிள்ளைகளோடு போய்விட்டிருந்தன. அக்கா மாடிப்படியில் ஓடி இறங்கினார். ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் வலி, எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"தம்பி! வண்டியை எடு! நாளைக்கு அவளுக்குப் பெரிய நாள், இன்னைக்குப் பெட்டி வந்திருக்கு பாரு! நானே வேண்டிக் கேட்டாக்கூட இப்படி அமையுமா?"

"நாளைக்குக் கொடுக்கலாமேக்கா, கோர்ட்டு முடிஞ்சு?"

"பதினொரு மாசம் காக்க வச்சாச்சு. இனி ஒரு நிமிஷம்கூட ஆகாது. எடுடா வண்டியை!"

மஞ்சள் நிறத்தில் இருந்த பெரிய பெட்டியை அவரே பொறுக்கினார். நாலரை மணிக்கு அந்த வீட்டு வாசலில் இருந்தோம். பெரியவர்கள் இரண்டு பேரும் வேலையில் இருந்தார்கள், அவள் மட்டும் பள்ளிவிட்டு வந்திருந்தாள். அக்கா பெட்டியைத் தள்ளிக்கொண்டே உள்ளே போனார். "சொன்னேன்ல, உன் பெட்டி வரும்னு! நாளைக்குள்ள உன் கைல கொடுத்துடணும்னு ஓடி வந்தேன்!"

அவள் பெட்டியைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். குனிந்து மெதுவாக ஜிப்பைத் திறந்து உள்ளே கை வைத்து அளந்து பார்த்தாள். "தேங்க்ஸ் ஆன்ட்டி. எல்லாம் இதுல கொள்ளும்" என்றாள்.

"கொள்ளாம என்ன? மூணு பேர் துணி கொள்ளும்!" என்று அக்கா கைதட்டினார்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். வடிகட்டின முட்டாள் நான். ஆறு வீடுகளிலிருந்து கிளப்பப்பட்ட ஒரு பெண்ணின் கையில், விசாரணைக்கு முதல் நாள், யாரும் ஒரு காரணமும் சொல்லாமல், காலிப் பெட்டியைக் கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம்? வழியில் போகிற யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். எழுபத்தி மூன்று பெட்டி கொடுத்த எங்களுக்குத்தான் தெரியவில்லை. எங்களுக்குப் பெட்டி என்றால் வரவேற்பு. அவளுக்கு, அதற்கு முன் எந்தப் பையில் துணி போனாலும், அது புறப்பாடு.

மறுநாளுக்கு அக்கா ஒரு கால அட்டவணை போட்டிருந்தார். எட்டு பத்துக்கு வீட்டு வாசல், எட்டு இருபத்தைந்துக்குப் புறப்பாடு, ஒன்பது ஐந்துக்கு நீதிமன்றம். நாங்கள் போனபோது கண்ணாடிக்கடை அம்மா மூன்றாவது புடவையை மாற்றிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் பளபளவென்று ஷூவைத் தேய்த்துவிட்டுச் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் மாடியில் நின்று கையசைத்தார்கள். அவள் மஞ்சள் பெட்டியோடு கேட் பக்கத்தில் நின்றிருந்தாள்.

இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது. நாங்கள் நாலு பெரியவர்கள். நாலு பேரும் பெட்டியைப் பார்த்தோம். ஏதோ காகிதம் எடுத்துவரச் சொல்லியிருப்பார்கள் என்று லிஃப்ட்காரர் அதைத் தூக்கி வேனில் வைத்தார். அக்காதான் கொண்டுவரச் சொல்லியிருப்பார் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டார். முடிந்ததும் குடும்பத்தோடு எங்காவது வெளியூர் போகிறார்கள் போல என்று நான் நினைத்தேன். அக்காவோ என் காதருகே வந்து, "பாத்தியா, நான் கொடுத்த பெட்டியை விட்டுட்டு வர அவளுக்கு மனசில்லை!" என்று குளிர்ந்துபோனார். எல்லோர் வாயும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. எங்கேம்மா பெட்டியோடு என்று கேட்க மட்டும் ஒரு வாய் இல்லை.

வேனில் அந்த அம்மா பாட்டே பாட ஆரம்பித்துவிட்டார். அக்கா தாளம் போட்டார். அவள் பெட்டிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் நின்றபோது, "அண்ணா, கோர்ட்டு முடிஞ்சு என்னை நீங்கதான் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பின்ன வேற யாரு? உன்னை எங்க விடணுமோ அங்க பத்திரமா விட்டுட்டுத்தான் எனக்கு மத்த வேலை" என்றேன், பெரிய இவனாட்டம்.

"பரவாயில்லைங்கண்ணா. நீங்கன்னா பரவாயில்லை" என்றாள்.

பத்து இருபதுக்கு அவளை மட்டும் நீதிபதியின் அறைக்குள் கூப்பிட்டார்கள். வழக்கமாக ஏழு நிமிஷம் ஆகும், அக்காவிடம் கணக்கு இருக்கிறது. ஏழு ஆனது. பத்து ஆனது. அந்த அம்மாவின் பேச்சு நின்றுபோனது. லிஃப்ட்காரர் நடைகூடத்தின் கடைசி வரை போய், அங்கே ஓடுகிற லிஃப்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் போச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். பதினைந்து நிமிஷம். "அக்கா, அவ வேண்டாம்னு சொல்லிட்டாளா? எங்களைப் பிடிக்கலைன்னு சொல்லிட்டாளா?" என்று அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அக்காவுக்கே முகம் வெளுத்துவிட்டது. அவர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

இருபத்திரண்டாவது நிமிஷம் கதவு திறந்தது. "எல்லாரும் உள்ள வாங்க. அந்தப் பெட்டியையும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்றார் ஊழியர். பெட்டி என்றால் நான்தானே. தூக்கிக்கொண்டு நானும் உள்ளே போனேன்.

நீதிபதி அம்மா பேனாவை மூடி வைத்திருந்தார். அவள் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பெட்டியை இவளுக்கு யார் கொடுத்தது?" என்று நீதிபதி கேட்டார்.

"நான்தாங்க மேடம்" என்றார் அக்கா, இன்னும் கொஞ்சம் பெருமையோடு.

"எப்ப?"

"நேத்துங்க மேடம்."

"ம். இந்த வீட்டுக்கு மகளாப் போகச் சம்மதமான்னு நான் இவளைக் கேட்டேன். 'என்னைக் கேட்டு என்ன மேடம், அவங்கதான் நேத்தே பெட்டி கொடுத்துட்டாங்களே' அப்படிங்கறா. அடுத்த வீடு எங்கன்னு யாரும் சொல்லலையாம், உங்களுக்காவது தெரியுமான்னு என்கிட்ட கேக்கறா. உனக்குச் சம்மதமா இல்லையா, அதைச் சொல்லும்மான்னு மூணு தடவை கேட்டுட்டேன். பரவாயில்லைங்கறா. பரவாயில்லைன்னு நான் எந்த உத்தரவுலயும் எழுத முடியாதும்மா."

அக்கா பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, நான் பாவி! இது வந்தன்னைக்குக் கொடுக்க வேண்டியதும்மா! எல்லாப் பிள்ளைக்கும் வந்தன்னைக்குக் கொடுக்கறது! உனக்குக் கொடுக்காம விட்டுப்போச்சேன்னு... போறதுக்கு இல்லடி கண்ணு, நீ வந்ததுக்குடி!"

"போறதுக்கா கட்டிட்டு வந்தே?" என்றார் கண்ணாடிக்கடை அம்மா. அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. அவருக்கு வார்த்தை வராததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இன்னொண்ணும் சொன்னா" என்றார் நீதிபதி. "உங்க வீட்டு டம்ளர் ஒண்ணைக் கேக்காம எடுத்துப் பெட்டிக்குள்ள வச்சுக்கிட்டாளாம். தப்புதான், உங்ககிட்டச் சொல்லிடச் சொன்னா."

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். நாங்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். "அதுல வேற யாரும் குடிக்கறதில்லைங்க மேடம்" என்றார். "அது அவ டம்ளருங்க. அவளுக்குன்னுதான் வாங்கினது. வேற யாரையும் நாங்க தொடவிடறதில்லைங்க."

அவள் தலையை நிமிர்த்தினாள். முகம் சிவந்து வந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து நின்று கத்தினாள். பதினொரு மாதத்தில் அந்தப் பெண்ணின் குரல் இவ்வளவு பெரியது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"அப்ப ஏன் யாரும் சொல்லலை? நேத்து சாயங்காலத்துலேருந்து நான் எப்படி இருந்தேன்னு தெரியுமா? அலமாரியைத் திறந்து திறந்து பாத்தேன். நீ எட்டிப் பாத்துட்டு, துணி எல்லாம் அழகா மடிச்சிருக்கியேன்னு சொல்லிட்டுப் போனே! எதுக்குடி மடிக்கறேன்னு ஒரு வார்த்தை கேட்டியா? இன்னைக்குக் காலைல மூணு புடவை மாத்துறே, வேன்ல பாட்டுப் பாடறே! என்னை அனுப்பறதுக்கு இவ்வளவு சந்தோஷமான்னு நினைச்சேன்!"

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். அதுவரை 'நீங்க' என்றே பேசிய பெண் அவரை 'நீ' என்கிறாள் என்பதை அந்த அம்மாவின் கண் எனக்குச் சொன்னது.

"அங்கிள், ஊர்ல இருக்கற லிஃப்டெல்லாம் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறுன்னு சொல்றீங்க! என் மூஞ்சியைப் பாத்தா தெரியலையா உங்களுக்கு? பெட்டியைத் தூக்கி வேன்ல வேற வைக்கறீங்க!"

"தப்புதான்" என்றார் லிஃப்ட்காரர். அவருக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தார்.

"ஆன்ட்டி, நீங்க! எல்லார் வீட்டுக்கும் கஷ்ட நேரம் பாத்துப் போன் பண்ணுவீங்களே, நேத்து ஒரு போன் பண்ணீங்களா? இந்த அண்ணா ஒருத்தர்! எங்க விடணுமோ அங்க விடறேன்னு சொல்றார்! எங்கன்னு சொல்ல வேண்டியதுதானே!"

நான் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அசடு வழிய நின்றேன். சத்தம் கேட்டு ஊழியர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை, போங்கள் என்று நீதிபதி கையைக் காட்டினார். அக்காவைப் பார்த்தேன். சுவரோரமாக நின்று, இரண்டு கையையும் கூப்பினாற்போல் மார்பில் வைத்துக்கொண்டு, அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டிருந்தார். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. "திட்டு, இன்னும் திட்டு கண்ணு" என்று முணுமுணுத்தார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஏழு வீட்டில் விழுங்கி வைத்திருந்தது அத்தனையும் வெளியே வந்துகொண்டிருந்தது. இவர்களிடம் அதைக் கொட்டலாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. இதைவிட வேறு என்ன வேண்டும்?

மூச்சு வாங்கியது அவளுக்கு. கண்ணாடிக்கடை அம்மா தன் புடவைத் தலைப்பை நீட்டினார். அவள் அதைப் பிடுங்கி முகத்தைத் துடைத்து, மூக்கையும் சிந்திவிட்டு, அப்படியே அவர் பக்கத்தில் இடித்துக்கொண்டு நின்றாள். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது.

நீதிபதி அம்மா பேனாவைத் திறந்தார்.

"சரிம்மா. முறைப்படி நான் இன்னொரு தடவை கேட்டாகணும். நல்லா யோசிச்சுச் சொல்லு. இவங்களுக்கு மகளா இருக்க உனக்குச் சம்மதமா?"

"பின்ன இவ்வளவு நேரம் எதுக்கு மேடம் கத்திட்டிருக்கேன்?" என்றாள் அவள்.

நீதிபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதை நான் எப்படிம்மா எழுதறது?" என்று கேட்டார்.

"ஆமான்னு எழுதுங்க மேடம்."